பறவைகளுக்குக் கணக்கு எழுதியவர்

ஆவணி முடிந்து புரட்டாசி பிறக்கும் நாள்களில் காயல்பட்டினம், ஆறுமுகனேரி பகுதி உப்பளங்களில் உப்பு வாரும் வேலை மெல்லத் தணியத் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் விளைந்த உப்பைக் கரையேற்றிக் குவித்து, ஓலையால் மூடிவிட வேண்டும். ஏறத்தாழ இதே நாள்களில்தான் வடக்கிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகின்றன. ஊருக்குள்ளோ மழை இன்னும் வரவில்லை, வெயிலும் குறையவில்லை. வீட்டு முற்றங்களிலும் மொட்டை மாடிகளிலும் குருணை அரிசி தூவுவோரும், மண்சட்டியில் தண்ணீர் வைப்போரும் இப்போது கூடியிருக்கிறார்கள். சிட்டுக்குருவிகளும் மைனாக்களும் தவிட்டுக்குருவிகளும் அந்த உபசாரத்தை ஏற்றுக்கொண்டு பழகிவிட்டன.

ஆண்டுதோறும் இந்தப் பருவத்தில் நான் நினைத்துக்கொள்ளும் பெயர் சாலிம் அலி. அவர் பிறந்த நவம்பர் 12, தேசியப் பறவைகள் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று மேடைகளில் அவரைப் பறவைக் காதலர் என்றும் பறவை மனிதர் என்றும் புகழ்வார்கள். அந்தப் பட்டங்களில் தவறில்லை. ஆனால், நாற்பது ஆண்டுகளுக்கு அருகில் பொருளியல் கற்பித்த எனக்கு அவருடைய வாழ்க்கை வேறொன்றைச் சொல்கிறது. பறவைகளின்மீது அன்பு கொண்டோர் அவருக்கு முன்பும் இந்நாட்டில் பலர் இருந்தார்கள். அன்பைக் கணக்காக மாற்றி, நாள், இடம், எண்ணிக்கை என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தளராமல் எழுதி வைத்த இந்தியர்கள் அரிது. நாட்டின் சில காடுகளும் நீர்நிலைகளும் இன்றும் எஞ்சி நிற்பதில் அந்தக் கணக்குக்குப் பங்குண்டு.

சாலிம் மொய்சுதீன் அப்துல் அலி 1896இல் பம்பாயில், சுலைமானி போரா முஸ்லிம் குடும்பம் ஒன்றில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அவருக்கு ஒரு வயதாகும்போது தந்தையும், மூன்று வயதாகும்போது தாயும் இறந்தனர். பிள்ளைப்பேறு இல்லாத மாமா அமிருதீன் தயாப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் அவரை கேத்வாடியில் தங்கள் வீட்டில் வளர்த்தார்கள். அதே தயாப்ஜி குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மாமாதான் அப்பாஸ் தயாப்ஜி. 1930 மே மாதம் காந்தியடிகள் கைதானபோது, தராசனா உப்பு அறப்போரின் தலைமையை ஏற்றுச் சிறை சென்ற முதியவர் அவர். உப்பு அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் முதலில் இவ்வாறு வந்தது. உப்பளங்கள் பின்னாளில் மருமகன் வழியாக மீண்டும் வந்தன.

அமிருதீன் தீவிர வேட்டைப் பிரியர். பத்து வயதை ஒட்டிய காலத்தில் சிறுவன் சாலிமின் கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஒரு நாள் சுட்டு வீழ்த்திய சிட்டு ஒன்றின் தொண்டையில் மஞ்சள் திட்டு தென்பட்டது. வழக்கமான சிட்டுக்குருவியாக இல்லாத இதை உண்பது மார்க்கத்தில் கூடுமா என்ற ஐயத்துடன் அவன் மாமாவிடம் போனான் என்பது பலமுறை சொல்லப்பட்டுவந்த கதை. மாமாவுக்கும் பறவை இன்னதென்று தெரியவில்லை. அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டுக்கு ஒரு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். மில்லார்டு அதை மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று அடையாளம் சொன்னதோடு நிற்கவில்லை. இழுப்பறைகளைத் திறந்து, பாடம் செய்து வரிசையாக அடுக்கப்பட்டிருந்த பறவைகளைக் காட்டினார். படிக்கப் புத்தகங்கள் தந்தார். பறவைத் தோலைப் பதப்படுத்தவும், குறிப்பேடு வைத்திருக்கவும் வழிகாட்டினார். தம் 89ஆம் வயதில் எழுதிய தன்வரலாற்றுக்குச் சாலிம் அலி அந்தச் சிட்டின் வீழ்ச்சியையே தலைப்பாக வைத்தார்.

இதை மனமாற்றக் கதையாகச் சொல்வோருண்டு. துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கருணையைக் கையில் எடுத்ததாகச் சொல்வது கேட்க இனிமையாக இருக்கும்; ஆனால் அது உண்மையன்று. அவர் பின்னரும் வேட்டையாடினார். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தார். ஓர் இனத்தை ஐயமின்றி அடையாளம் காணவும், ஒரே இனத்துக்குள் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டை அறியவும் அக்காலத்தில் அதுவே வழி என்று கருதினார். அந்தச் சிட்டு அவருக்குள் தூண்டியது கேள்வியை. அந்தக் கேள்வி முதுமையிலும் அவரை விடவில்லை.

படிப்பில் அவர் சிறந்து விளங்கியவர் அல்லர். ஓயாத தலைவலியால் பள்ளி வாழ்க்கை தடைப்பட்டது. 1913இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறினார். பட்டப்படிப்பை முடிக்காமலேயே பர்மாவின் தவாய்க்குச் சென்று, குடும்பத்தாரின் உல்ஃபிராம் சுரங்கத்தையும் மர வணிகத்தையும் கவனித்தார். வணிகம் கைகூடவில்லை, சுற்றிலும் இருந்த காடு கைகூடியது. 1917இல் பம்பாய் திரும்பி, தாவர் வணிகவியல் கல்லூரியில் வணிகச் சட்டமும் கணக்கியலும் படித்தார். தூய சவேரியார் கல்லூரியின் பாதிரியார் பிளாட்டர் தூண்டியதால், அங்கே விலங்கியலும் பயின்றார். 1918இல் தூரத்து உறவினரான தெஹ்மினாவை மணந்தார்.

பட்டம் இல்லாத குறை அவரைத் தொடர்ந்து வந்தது. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் பறவையியலாளர் பணி அதனாலேயே கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். இரண்டு ஆண்டுகளில் விடுப்பு எடுத்துக்கொண்டு பெர்லின் சென்று, எர்வின் ஸ்ட்ரெசமன் என்ற பேரறிஞரிடம் பயின்றார். பெயரிட்டு வகைப்படுத்துவது தொடக்கம் மட்டுமே, உயிருள்ள பறவை தன் இடத்தில் எப்படி வாழ்கிறது என்று பார்ப்பதே அறிவியல் என்ற பார்வை அங்கே உறுதிப்பட்டது. 1930இல் திரும்பி வந்தபோது, நிதியில்லை என்று அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது.

வயது 34, வேலை இல்லை. கணவனும் மனைவியும் பம்பாய்க்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே வீட்டருகில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் நாள்தோறும் உட்கார்ந்து பார்த்து, எந்த ஆண் எந்தக் கூட்டை எப்போது தொடங்கியது, எந்தப் பெண் எப்போது வந்தது என்று குறித்தார். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டிவிட்டுக் காத்திருக்கும். பெண் வந்து பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் மீதியை முடிக்கும். அது முட்டையிட்டதும், ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணுக்குக் காத்திருக்கும். நம் பனைமரங்களில் தொங்கும் கூடுகளைத் தலைமுறை தலைமுறையாக எல்லோரும் பார்த்துத்தான் இருந்தோம். தேதி போட்டு எழுதியவர் அவர். அந்த ஆய்வு அவருக்கு அறிவுலகில் ஓர் இடத்தைப் பெற்றுத் தந்தது.

அதன்பின் அவர் சுதேச சமஸ்தானங்களுக்கு ஒரு யோசனையை முன்வைத்தார். பயணச் செலவையும் முகாம் செலவையும் மட்டும் ஏற்றுக்கொண்டால், சம்பளம் வாங்காமல் அந்தந்த நாட்டின் பறவைகளைக் கணக்கெடுத்துத் தருவதாகச் சொன்னார். ஐதராபாத் முதலில் ஏற்றது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் கணக்கெடுப்பு நம் தென்கோடி வரைக்குமான ஆவணம். பின்னர் மைசூர், கட்ச் என்று பட்டியல் நீண்டது. கட்ச்சின் பெரிய ரண்ணில் பூநாரைகள் பெருந்திரளாகக் கூடு கட்டும் இடத்தை 1945இல் அவர் நேரில் கண்டு பதிவு செய்தார். குளிர்காலத்தில் தமிழகக் கடலோரத்தில் காணும் பூநாரைகளில் பல அங்கிருந்து வருபவை என்று கருதப்படுகிறது.

இந்தப் பயணங்களில் தெஹ்மினா அவருடன் கூடாரங்களில் தங்கினார். நகர வாழ்வில் வளர்ந்த அவர், காட்டு முகாமைக் குடும்பமாக மாற்றிக்கொண்டார். 1939இல் சிறு அறுவை சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து அவர் இறந்தபோது சாலிம் அலிக்கு வயது 42. மறுமணம் செய்துகொள்ளாமல், தமக்கை வீட்டில் தங்கி, வேலைக்குள் மூழ்கினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941இல் இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. வெள்ளை அதிகாரிகளின் பொழுதுபோக்காக இருந்த பறவை நோக்குதலை இந்திய நடுத்தர வர்க்கத்தின் கைக்குக் கொண்டுவந்த நூல் அது. டில்லன் ரிப்ளேயுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிப் பெருநூல் 1968க்கும் 1974க்கும் இடையில் வெளியாயிற்று. தொடங்கிய தொகுதி அச்சேறியபோது அவருக்கு 71 அல்லது 72 வயது. எந்த அலுவலகமும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்ட வயது.

என்னை ஈர்த்த இன்னொரு பக்கமும் அவருக்கு உண்டு. 1930களிலேயே பறவைகளின் பொருளாதாரப் பயன் குறித்து அவர் எழுதினார். பயிரைத் தின்னும் பூச்சிகளைப் பறவைகள் எவ்வளவு குறைக்கின்றன, எந்தப் பூக்களுக்கு அவை மகரந்தம் கடத்துகின்றன, எந்த விதைகளைப் பரப்புகின்றன, எங்கே விளைச்சலுக்குக் கேடும் செய்கின்றன என்று இரு பக்கமும் பார்த்து எழுதவேண்டும் என்பது அவர் நிலை. வரவு மட்டும் எழுதிச் செலவை மறைக்கும் கணக்கை அவர் ஏற்கவில்லை. சூழலியலாளர்களும் பொருளியலாளர்களும் இன்று சூழல்சேவை மதிப்பீடு என்று பேசுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய சிந்தனை இது.

நம் கடற்கரைக்கு அவர் நேரடியாக வந்து சேர்ந்தது ஒரு நோயின் வழியாக. 1957இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்தன. மனிதர்களையும் உண்ணிக் காய்ச்சல் தாக்கியது. சைபீரியப் பகுதியில் காணப்பட்ட நோய் ஒன்றை அது ஒத்திருந்ததால், வலசைப் பறவைகள் உண்ணிகளைச் சுமந்து வருகின்றனவா என்ற ஐயம் எழுந்தது. அதை ஆராய உலக சுகாதார நிறுவனத்தின் உதவியுடன் பம்பாய்ச் சங்கம் பெரிய அளவில் பறவைகளுக்கு வளையமிடத் தொடங்கியது. அந்தப் பணியின் முக்கியக் களங்களுள் ஒன்றாக அமைந்தது கோடியக்கரை. 1930இல் ராஜாஜி உப்பு எடுத்த வேதாரண்யத்துக்கு அடுத்த ஊர். உப்பளமும் சதுப்பும் காடும் ஒன்றாகக் கிடக்கும் முனை. மென்வலையில் சிக்கும் பறவையை எடுத்து, எடை பார்த்து, இறகை அளந்து, காலில் எண் பொறித்த உலோக வளையத்தைப் பூட்டிப் பறக்கவிடுவார்கள். வேறெங்கோ யாரோ அந்த வளையத்தைக் கண்டு எழுதினால், ஒரு பயணத்தின் இரு முனைகளும் தெரியவரும். கொசு உள்ளான் ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள பறவை. ஒரு பிடி அரிசி அதைவிடக் கனக்கும். அது வடதுருவத்தை ஒட்டிய சமவெளியில் முட்டையிட்டுவிட்டு நம் உப்பளத்துக்கு வருகிறது என்பது இன்று பாடநூலில் இருக்கிறது. அப்படிப்பட்ட செய்திகள் வளையங்களாலும் குறிப்பேடுகளாலும் உறுதியானவை. 1967இல் கோடியக்கரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

அவருடைய கணக்கு அரசின் முடிவுகளையும் அசைத்தது. ராஜஸ்தானின் பரத்பூர் நீர்நிலை, மன்னர்களும் வைஸ்ராய்களும் வாத்து வேட்டையாடிய இடம். 1938 நவம்பர் 12 அன்று லின்லித்கோவின் வேட்டைக்குழு ஒரே நாளில் 4,273 பறவைகளை வீழ்த்தியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. அன்று சாலிம் அலியின் 42ஆவது பிறந்தநாள். விடுதலைக்குப் பின் அந்த நீரை வடித்து விளைநிலமாக்கும் கோரிக்கை எழுந்தபோது, நேருவரை சென்று அதைத் தடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்த அறிவியலாளர்களின் வரிசையிலும் முதுமையில் அவர் நின்றார். அத்திட்டம் கைவிடப்பட்டது.

பரத்பூரின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. அதை விட்டுவிட்டு அவரைப் புகழ்வது அவருக்கே பொருந்தாது. 1980களின் தொடக்கத்தில் அங்கே எருமை மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. சாலிம் அலியும் தடையை ஆதரித்தவர். தலைமுறைகளாக மேய்த்துவந்த ஊரார் எதிர்த்தனர். 1982இல் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அவர் சார்ந்த சங்கமே அங்கு நடத்திய நெடுங்கால ஆய்வு வேறு முடிவுக்கு வந்தது. எருமைகள் இல்லாமல் போனதும் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்தது. பறவைகளுக்கு அது நன்மையாக இல்லை. ஆய்வின் முழு முடிவு வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. தலைவரின் கருத்துக்கு மாறான விடையை அந்தச் சங்கம் மறைக்காமல் வெளியிட்டது. உழைக்கும் மனிதரை வெளியேற்றினால் பறவை தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்ற எளிய எண்ணத்தை அந்தக் கணக்கேடு திருத்தியது.

1976இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. அதே காலத்தில் கிடைத்த கெட்டி பரிசின் 50,000 டாலரை இயற்கைப் பாதுகாப்புக்கான நிதிக்குக் கொடுத்தார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20 அன்று, 90ஆம் வயதில் மறைந்தார். பட்டம் இல்லை என்று ஒரு காலத்தில் வேலை மறுக்கப்பட்டவரின் பெயரைத் தாங்கிய ஆய்வு மையம் 1990இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. அங்கே இப்போது பலர் முனைவர் பட்டம் பெறுகிறார்கள். மேகமலையில் 1948இல் பிடிக்கப்பட்டு, நெடுநாள் வேறு இனமென்று எண்ணப்பட்ட ஒரு பழந்தின்னி வௌவாலுக்கும் 1972இல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். முற்றத்தில் தானியம் தூவுவது நல்ல வழக்கம், தொடர வேண்டும். குருணையும் கம்பும் போதும். உப்பும் எண்ணெயும் சேர்ந்த தின்பண்டங்கள் கூடாது. இந்த வறண்ட மாதத்தில் தானியத்தைவிடத் தண்ணீர் முக்கியம். ஆழமற்ற சட்டியில், நாள்தோறும் கழுவி மாற்றிய தண்ணீர். பூச்சி தின்னும் தையல்சிட்டுக்கும், பூந்தேன் அருந்தும் தேன்சிட்டுக்கும் அரிசியால் பயனில்லை. அவற்றுக்கு வேண்டியது சிமென்ட் பூசாத ஒரு மூலையும் அதில் இரண்டு செடிகளும்தான்.

ஆனால், நம் கையால் உணவு பெறாத விருந்தாளிகளே இப்பருவத்தில் மிகுதி. உள்ளானும் உப்புக்கொத்தியும் முற்றத்துக்கு வருவதில்லை. கழிமுகச் சேறும் உப்பளமும்தான் அவற்றின் சோற்றுத் தட்டு. கடல்நீரைத் தேக்கும் முதல் குளத்தில் சிறுமீனும் இறாலும் உண்டு. அங்கே கொக்கும் ஆலாவும் நிற்கும். உப்பு ஏற ஏற மீன் மறைந்து, உவர்நீரில் வாழும் நுண்ணிய இறாலும் பூச்சிகளும் பெருகும். அங்கே உள்ளான்களும் பூநாரைகளும் மேயும். உப்பு உறையும் கடைசிப் பாத்தியில் அநேகமாக ஒன்றுமில்லை. உப்பளத் தொழிலாளி வெயிலில் நின்று நீரின் அளவை மாற்றும் ஒவ்வொரு வேலையும், தான் அறியாமலே ஒரு பறவைக்கு இலை போடுகிறது. உப்பளம் வீட்டு மனையாக மாறினால் தொழிலாளிக்கும் பறவைக்கும் ஒரே நாளில் பிழைப்புப் போகிறது. பத்திரப் பதிவில் மனையின் விலை ஏறும். போனவற்றுக்கு அதில் பத்தி கிடையாது. விலை எழுதப்படாத பொருள் மதிப்பற்ற பொருள் என்று நிர்வாகம் எடுத்துக்கொள்வதை நான் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதை மறுக்க வேண்டுமானால் நம் கையில் ஓர் எண்ணிக்கையாவது இருக்க வேண்டும்.

தாமிரபரணிப் படுகையின் குளங்களில் ஆண்டுதோறும் ஜனவரியை ஒட்டித் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள், போற்றத்தக்க பணி. பறவைகள் வந்து இறங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களுக்கும், காயல்பட்டினத்தின் உப்பளங்களுக்கும் அப்படி ஓர் ஏடு வேண்டும். ஊரில் பள்ளிகளும் கல்லூரிகளும் இருக்கின்றன. ஒரு தொலைநோக்கி, ஒரு குறிப்பேடு, வாரத்துக்கு ஒரு காலைப்பொழுது, எப்போதும் அதே வரப்பு. நாள், இடம், இனம், எண்ணிக்கை. உப்பளத்தாரையும் உடன் சேர்த்துக்கொண்டால், நமக்குத் தெரியாத பலவற்றை அவர்கள் சொல்வார்கள். பத்து ஆண்டுகள் எழுதினால், இந்தக் கரையைப் பற்றி எந்த முடிவு எடுப்போரும் புறந்தள்ள முடியாத ஆவணமாக அது நிற்கும்.

இது நம் ஊருக்குப் புதிய முறையும் அன்று. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன், பார்களில் மூழ்கி மாதிரிச் சிப்பிகளை எடுத்து, திறந்து, எண்ணி, மதிப்பிட்ட பிறகே அந்த ஆண்டு குளிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். எண்ணாமல் குளித்தால் பார் அழிந்துவிடும் என்பதைக் கடல் அவர்களுக்குக் கற்றுக் கொடுத்திருந்தது. கடலில் கடைப்பிடித்த அதே ஒழுங்கைக் கரையில் உள்ள காயலுக்கும் உப்பளத்துக்கும் கடைப்பிடிக்கச் சொல்வது பெரிய கோரிக்கை அல்ல. வரும் நவம்பர் 12க்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அன்று சாலிம் அலியின் படத்துக்கு மாலை போடுவதற்கு முன், நம் உப்பளத்தின் முதல் பக்கத்தை எழுதிவிடுவோம்.